என் ஐந்து நன்மரணங்கள்

அக்கா, தப்பாக நினைக்காதீர்கள், ஒன்று சொல்கிறேன். உங்கள் வீட்டுக்காரர் சீட்டை எடுத்துக்கொண்டு மருந்துக் கடைக்குப் போயிருக்கிறார் இல்லையா, அவர் திரும்பி வந்ததும் அவரிடம் எதையும் சொல்லிவிடாதீர்கள். எதையும் என்றால் எதையும்தான். நெஞ்சு அடிக்கிறது, கை மரத்துப்போகிறது, அதையெல்லாம் சொல்லுங்கள். அதற்கு மேல் வேண்டாம். பழைய கதை எதுவும் வேண்டவே வேண்டாம்.

நர்ஸ் உங்களிடம் சொன்னது என் காதில் விழுந்தது. ஒட்டுக் கேட்கவில்லை, இந்த பெஞ்சில் உட்கார்ந்தால் எல்லாம் விழும். ஈசிஜி நன்றாக இருக்கிறது, ரத்தப் பரிசோதனையும் நன்றாக இருக்கிறது, டாக்டர் வந்து ஒரு தடவை பார்த்துவிடட்டும், அதுவரை உட்காருங்கள் என்றாள். அவள் அந்தப் பக்கம் போனதும் நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்தீர்கள். அந்த அசைவை எனக்கு நன்றாகத் தெரியும். சாவதற்கு முன்னால் யாரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் வரிசை போடுகிற அசைவு அது. நான் டாக்டர் இல்லை. உடம்பைப் பற்றி டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். வாயைப் பற்றி மட்டும் நான் சொல்வதைக் கேளுங்கள். நான் ஐந்து தடவை செத்தவள். அதில் நான்கு தடவை இதே ஆஸ்பத்திரிக்குத்தான் வந்தேன்.

இன்றைக்கு எனக்கு ஒன்றுமில்லை. மடியில் கிடக்கிற இவளுக்கு ஊசி. ஆறு மாதம் முடிந்துவிட்டது. நாற்பத்தொன்றாம் டோக்கன், இப்போதுதான் முப்பத்தைந்து உள்ளே போயிருக்கிறது. நேரம் இருக்கிறது.

நான் படித்தது கான்வென்டில். எட்டாம் வகுப்பில் எங்களுக்கு ஞானோபதேசம் எடுத்தவர் சிஸ்டர் இம்மாகுலேட். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் நன்மரண ஆயத்தம் செய்ய வைப்பார். ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டு, பெஞ்சில் தலையைக் கவிழ்த்துக்கொள்ளச் சொல்வார். நீ இப்போது சாகக் கிடக்கிறாய். இன்னும் ஐந்து நிமிஷம்தான் இருக்கிறது. யாரிடம் எதை மறைத்தாய்? அதை வைத்துக்கொண்டா ஆண்டவர் முன்னால் போய் நிற்கப் போகிறாய்? என்று கேட்பார். பிள்ளைகள் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். நான் மட்டும் தேம்பித் தேம்பி அழுவேன். அந்த வருஷ ஆண்டு விழாவில் கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் பரிசு கொடுத்ததுபோல நன்மரண ஆயத்தத்துக்கும் ஒரு பரிசு கொடுத்தார்கள். எனக்குத்தான். இருட்டில் மின்னுகிற பிளாஸ்டிக் ஜெபமாலை. ஒரு விஷயத்தை அவ்வளவு நன்றாகப் படித்துவிட்டால் பிறகு மறக்குமா, சொல்லுங்கள்.

என் கல்யாணம் தூத்துக்குடியில். வீட்டுக்காரர் ரெமிஜியுஸ், ரெமி என்போம், கப்பலில் எஞ்சின் வேலை. ஆறு மாதம் கடல், மூன்று மாதம் வீடு. இவள் பிறந்தபோது இருந்தார், ஞானஸ்நானம் முடிந்ததும் ஏறிவிட்டார். மூன்றாம் மாதம் நான் அம்மா வீட்டிலிருந்து மாமியார் வீட்டுக்கு வந்துவிட்டேன். வீட்டில் நான், இவள், மாமியார். அவர் பெயர் மெட்டில்டா. நான் மாமி என்பேன். மாமியைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன், அவருக்கு என்மேல் பாசம் இருக்கிறதா என்று எனக்கு ரொம்ப நாள் சந்தேகம். சிரித்துப் பேசவே மாட்டார். நான் சாப்பிட்டேனா, தூங்கினேனா, தலை காய்ந்ததா என்று போலீஸ்காரர் மாதிரி விசாரித்துக்கொண்டே இருப்பார்.

முதல் மரணம் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பதினொரு மணி. மஸ்கட்டில் இருக்கிற நாத்தனார் ஜெனோவா போன் பண்ணினாள். அவள் பிரசவத்துக்கு மாமிதான் வர வேண்டும், இரண்டு மாதமாவது கூட இருக்க வேண்டும் என்று பேசினாள். மாமி போனை வைத்தார். நான் அடுப்பில் சாளை மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன். இதற்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. திடீரென்று நெஞ்சு தடதடவென்று அடிக்க ஆரம்பித்தது. விரல் நுனியெல்லாம் எறும்பு ஊர்ந்தது. மூச்சு உள்ளே போகிறது, ஆனால் போய்ச் சேரவில்லை. சரி, முடிந்தது என்று நினைத்தேன். அடுப்பை அணைத்தேன், அது வரைக்கும் புத்தி வேலை செய்தது. பாவசங்கீர்த்தனம் கேட்கச் சாமியார் பக்கத்தில் இல்லை. மாமிதான் இருந்தார். போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

எனக்காக மாமி பேறுகால லேகியம் கிண்டியிருந்தார். சுக்கு, திப்பிலி, இன்னும் என்னென்னவோ, இரண்டு நாள் இடித்துச் சலித்து, நல்லெண்ணெய் ஊற்றி, கருப்பட்டிப் பாகில் கிண்டியது. மூன்று மாதம் கழிந்தும் விடவில்லை. தினமும் காலையில் நெல்லிக்காய் அளவு உருட்டிக் கையில் தருவார். குழந்தைக்குப் பால் போதவில்லை என்ற பேச்சே எங்கள் வீட்டில் இல்லை, எல்லாம் என் லேகியம் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். தெருவில் இரண்டு பேர் பக்குவம் கேட்டு வந்துவிட்டுப் போனார்கள். நான் அதை ஒரு நாளும் தின்னவில்லை அக்கா. ஒரு நாளும். பின்பக்கம் போய்ச் சாக்கடையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிடுவேன்.

அதைச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். எந்தச் சாக்கடை என்று கூடச் சொன்னேன்.

மாமி ஆட்டோ பிடித்து என்னையும் இவளையும் இங்கே கொண்டுவந்தார். ஈசிஜி எடுத்தார்கள். நார்மல். இளம் டாக்டர் ஒருவர் கேஸ் ட்ரபிளாக இருக்கும் என்று ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். திரும்பிப் போகிற ஆட்டோவில் அரை மணி நேரம். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். செத்திருந்தால் எவ்வளவு மரியாதையாக இருந்திருக்கும். வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் மாமி வாயைத் திறந்தார். அந்தச் சாக்கடைப் பக்கம்தான் செடியெல்லாம் நன்றாக வருகிறது என்றார். அவ்வளவுதான்.

இரண்டாவது, மஸ்கட் விசா வந்த அன்று. சும்மா நாளை அடையாளம் சொல்வதற்காகச் சொல்கிறேன். எங்களில் முதல் பெண் பிள்ளைக்கு அப்பாவைப் பெற்றவளின் பெயர் வைப்பது வழக்கம். கோயிலில் இவளுக்கு மெட்டில்டா என்றுதான் ஞானஸ்நானம். வீட்டில் கூப்பிடுவது ஐரின். ஆனால் பிறப்புச் சான்றிதழில் நாங்கள் ஐரின் என்று மட்டும்தான் பதிந்திருந்தோம். மெட்டில்டா என்கிற பெயர் சர்க்காருக்குத் தெரியவே தெரியாது. இதை மாமியிடம் சொல்லியிருந்தோமா? இல்லை. அன்றைக்குச் சொல்லிவிட்டேன். ரெமிக்கும் தெரியும், அவர்தான் கையெழுத்துப் போட்டார் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். சிஸ்டர் நம்முடைய பாவத்தைத்தான் சொல்லச் சொன்னார். அடுத்தவர் பாவத்தையும் ஏன் சொன்னேன் என்றால், அந்த நேரத்தில் பிரித்துப் பார்க்க முடியாது.

ஆட்டோ, ஈசிஜி, நார்மல், கேஸ் மாத்திரை. அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் அப்பளம் இல்லை.

மூன்றாவதுதான் பெரிய சாவு. மாமிக்கு டிக்கெட் போட்டாயிற்று, பதினெட்டாம் தேதி கிளம்புகிறார் என்று சொல்ல ரெமிக்கு வாட்ஸப்பில் கூப்பிட்டேன். கப்பல் ஏதோ ஒரு துறைமுகத்தை விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தது. தேதியைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வந்துவிட்டது. அவரிடம் மறைத்தது என்ன இருக்கிறது என்று தேடினேன். பன்னிரண்டாம் வகுப்பில் டியூஷன் சென்டரில் ஒரு பையன், பெயர் வேண்டாம், இரண்டு கடிதம் கொடுத்தான். ஒரு நாள் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தான். அவ்வளவுதான் அக்கா, சத்தியமாக அவ்வளவுதான். ரெமி, நான் போகப்போகிறேன், போவதற்கு முன்னால் இதைச் சொல்லணும் என்று ஆரம்பித்து ஐஸ்கிரீம் வரைக்கும் வந்தேன். சிக்னல் போய்விட்டது. கப்பல் கடலுக்குள் போய்விட்டது. பன்னிரண்டு நாள் தொடர்பே இல்லை.

அந்தப் பன்னிரண்டு நாள் நான் எப்படி இருந்தேன் என்று கேட்காதீர்கள். கேட்டாரா, கேட்கவில்லையா? கேட்டிருந்தால் எது வரைக்கும் கேட்டார்? பதின்மூன்றாம் நாள் போன் வந்தது. நலம் விசாரிக்கவில்லை, குழந்தையைக் காட்டு என்று சொல்லவில்லை.

"ஐஸ்கிரீம் வரைக்கும் கேட்டுச்சு. அதுக்கப்புறம் கட்டாயிருச்சு. அதுக்கப்புறம் என்ன?"

அதற்கப்புறம் ஒன்றுமில்லை என்றேன். ஒன்றுமில்லாததற்கா சாகும்போது சொன்னாய் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். இப்போதும் போன் பண்ணினால் வைக்கும்போது, சரி, அதுக்கப்புறம் என்ன என்று ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான் வைப்பார். சிரித்துக்கொண்டேதான் கேட்கிறார். ஆனால் கேட்கிறார்.

அதனால்தான் சொல்கிறேன், உங்கள் வீட்டுக்காரர் வந்ததும் வாயை மூடிக்கொள்ளுங்கள் என்று. நீங்கள் சாக மாட்டீர்கள். சொன்னது மட்டும் சாகாமல் இருக்கும்.

நாலாவது, மாமிக்குப் பெட்டி வாங்கப் போன கடையில். சக்கரம் வைத்த பெரிய பெட்டி, மாமி அதை இப்படியும் அப்படியும் உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்துவிட்டது. ஆனால் சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. எல்லாம் தீர்ந்துவிட்டது. வெறுங்கையோடு விருந்துக்குப் போனது மாதிரி ஒரு கூச்சம். இங்கே ஈசிஜி அறையில் படுத்திருந்தபோது உங்களிடம் பேசினாளே, அந்த நர்ஸ் ஸ்டெல்லாவிடம், ஆறாம் வகுப்பில் ஒரு கலர் சாக்பீஸ் டப்பாவை வீட்டுக்குக் கொண்டுபோனேன் என்று சொன்னேன். போன தடவையே சொல்லிட்டீங்கக்கா, பச்சையும் ரோஸும் மட்டும் எடுத்தீங்க என்றாள்.

அன்றைக்கு வேறு டாக்டர் அம்மா இருந்தார். நாலு ஈசிஜியையும் மேசைமேல் வரிசையாக விரித்தார். இருதயம் அருமையாக இருக்கிறது என்றார். இது பேனிக் அட்டாக், மூன்றாம் மாடியில் டாக்டர் உமையாளைப் பாருங்கள் என்று எழுதிக் கொடுத்தார். மூன்றாம் மாடி என்றால் மனநலப் பிரிவு என்று தூத்துக்குடியில் எல்லோருக்கும் தெரியும். மாமி என்ன சொல்வாரோ என்று பயந்தேன். அவர் லிஃப்டைத் தேடி நடக்க ஆரம்பித்துவிட்டார்.

துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டுதான் போனேன். போனால் அங்கே எங்கள் கோயில் பாட்டுக் குழுவில் கீபோர்டு வாசிக்கிற ஹில்டா டீச்சர் உட்கார்ந்திருக்கிறார். ஒரு சொந்தக்காரரைப் பார்க்க வந்தேன் என்றார். நானும் ஒரு சொந்தக்காரரைப் பார்க்கத்தான் வந்தேன் என்றேன். பிறகு வாராவாரம் வியாழக்கிழமை இரண்டு பேரும் அந்தச் சொந்தக்காரரைப் பார்க்க வந்துகொண்டிருந்தோம்.

டாக்டர் உமையாள் நல்ல மாதிரி. அவசரப்படவே மாட்டார். வீட்டில் காவலுக்கு நாய் வைத்திருக்கிறோம், அது திருடனைப் பார்த்தும் குரைக்கிறது, தபால்காரரைப் பார்த்தும் அதே மாதிரி குரைக்கிறது, நாய் கெட்டது இல்லை, கொஞ்சம் அதிகமாக வேலை பார்க்கிறது, உங்கள் உடம்பும் அப்படித்தான் என்றார். பிள்ளை பெற்ற பிறகு நிறையப் பேருக்கு வரும் என்றார். தாய்ப்பால் கொடுப்பதைக் கேட்டுக்கொண்டு, அதற்கு ஏற்ற மாதிரி ஒரு சின்ன மாத்திரை எழுதினார். வரும்போது ஓடாதே, இருந்த இடத்தில் இரு, நாலு எண்ணி மூச்சை இழு, ஆறு எண்ணி விடு, கடிகாரத்தைப் பார், பத்துப் பதினைந்து நிமிஷத்தில் தானாக இறங்கும் என்றார். முதலில் எனக்கு நம்பிக்கை இல்லை. கடிகாரத்தைப் பார்த்தால் இறந்த நேரம் சரியாகத் தெரியும் என்று மட்டும்தான் நினைத்தேன்.

அவரிடம் ஒரே ஒரு குறை. மஸ்கட், மஸ்கட் என்று அதையே பிடித்துக்கொண்டார். முதல் தடவை வந்தபோது என்ன நடந்தது என்று கேட்பார், நான் போன் வந்ததைச் சொல்வேன். இரண்டாம் தடவை? விசா. மூன்றாம் தடவை? டிக்கெட். பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு, மாமியார் போய்விட்டால் வீட்டில் யார் இருப்பீர்கள் என்று கேட்டார். நானும் குழந்தையும் என்றேன். அது எப்படி இருக்கும் என்றார். நன்றாக இருக்கும், மாமி இல்லாமல் கொஞ்சம் நிம்மதியாகவே இருக்கும் என்றேன். என்னவோ எழுதிக்கொண்டார். சொந்தத்தில் யாராவது மஸ்கட்டில் இருப்பார்கள்போல, அதனால்தான் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

இதற்கிடையில் மாமி டிக்கெட்டையே ரத்து செய்துவிடலாமா என்று ரெமியிடம் பேசிக்கொண்டிருந்தார். ஜெனோவாவுக்கு இது தலைப்பிரசவம், முந்தி ஒன்று நாலாம் மாதத்திலேயே கலைந்துபோனது. அவள் அங்கே போனில் அழுகிறாள், நான் இங்கே வாரம் ஒரு தடவை சாகிறேன், மாமி நடுவில். பெட்டியைத் திறப்பார், நாலு துணி வைப்பார், என்னைப் பார்ப்பார், மூடுவார்.

ஐந்தாவது, மாமி கிளம்புவதற்கு நாலு நாள் முன்னால். காலை ஒன்பது மணி. குழந்தையைக் குளிப்பாட்டுவது அதுவரைக்கும் மாமிதான். மணைக்கட்டையில் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டி, காலின் மேல் இவளைக் குப்புறப் போட்டு, தேங்காய் எண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, மூக்கை உருவி, எல்லாம் பத்து நிமிஷத்தில் முடித்துவிடுவார். நான் துண்டோடு நிற்பேன். அன்றைக்கு மாமி துண்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"இன்னைக்கு நீ உக்காரு. நான் பாக்கேன்."

உட்கார்ந்தேன். காலை நீட்டினேன். எண்ணெய் தேய்த்த பிள்ளை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும், விலாங்கு மீன். ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினேன். இரண்டாவது செம்பு எடுக்கும்போது நெஞ்சு ஆரம்பித்துவிட்டது. கை நடுங்குகிறது. எழுந்து ஓட முடியாது, காலின் மேல் பிள்ளை. கையைப் பிடிக்க முடியாது, ஒரு கையில் செம்பு, ஒரு கை இவள் முதுகில். மாமி, ஒரு விஷயம் சொல்லணும் என்றேன்.

"இன்னும் என்னட்டி மிச்சம் இருக்கு?"

எனக்கே தெரியவில்லை என்ன மிச்சம் இருக்கிறது என்று. வாயைத் திறந்தால் அதுவாக வந்தது.

"எனக்கு இவளோட தனியா இருக்கப் பயமா இருக்கு மாமி. கீழ போட்டுருவேனோ, தண்ணில விட்டுருவேனோன்னு ஒவ்வொரு நாளும் தோணுது. நீங்க வீட்ல இருக்கதாலதான் இவ உயிரோட இருக்கான்னு நெனைக்கேன்."

இதைச் சொல்லிவிட்டு நான் மாமி முகத்தைப் பார்க்கவில்லை. குழந்தையை வாங்கிக்கொண்டு என்னை மறுபடியும் மூன்றாம் மாடிக்கு அனுப்புவார், பிள்ளையை அம்மா வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். மாமி குழந்தையை வாங்கவில்லை. ஈரத் தரையிலேயே எனக்கு எதிரே உட்கார்ந்துவிட்டார். சேலை நனைவதைப் பார்க்கவில்லை.

ரெமி பிறந்தபோது மூன்று மாதம் வரைக்கும் அவனை ஒரு நாள்கூடக் குளிப்பாட்டவில்லை என்றார். மாமனார் வேலைக்குப் போனதும், ஈரத் துணியால் துடைத்து, பவுடர் போட்டு, தலையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து வைத்துவிடுவாராம். அவர் சாயங்காலம் வந்து மோந்து பார்த்து, நல்லாக் குளிப்பாட்டியிருக்கே என்பாராம். காலில் போட்டால் நழுவிவிடுவானோ என்று பயம். யாரிடமும் சொல்லவில்லை. முப்பத்தோரு வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை.

"அவன்ட்ட இத சொல்லிராத. நீ நெசமாவே சாகப்போறன்னாலும் சொல்லிராத."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நெஞ்சடிப்போடு சிரிப்பு வருவது எப்படி இருக்கும் என்றால், விக்கலும் தும்மலும் ஒன்றாக வருகிற மாதிரி இருக்கும். தண்ணி ஆறுது, ஊத்து என்றார் மாமி. ஊற்றினேன். கை நடுங்கிக்கொண்டேதான் இருந்தது. நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விட்டு, ஒரு செம்பு. மறுபடியும் நாலு, ஆறு, ஒரு செம்பு. இவள் நடுவில் என் கால் மேலேயே ஒன்றுக்குப் போனாள். கொட்டாவி விட்டாள். தாய் சாகக் கிடக்கிறாள் என்கிற எண்ணமே இல்லை. துவட்டி முடிக்கும்போது பார்த்தேன், எப்போது போனது என்று தெரியவில்லை, நெஞ்சு சும்மா இருந்தது. அன்றைக்கு ஆட்டோ பிடிக்கவில்லை.

மாமி எழுந்து சேலையைப் பிழிந்துகொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். போகட்டுமா, இருக்கட்டுமா, நீ சொல்லு என்றார். இருங்கள் என்றால் இருந்திருப்பார். பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, ஒரு வார்த்தை சொல்லிக் காட்டாமல் இருந்திருப்பார். அது எனக்கு நன்றாகத் தெரியும். துண்டுக்குள் இவளைச் சுற்றினேன். அவிழ்ந்துவிட்டது. மறுபடியும் சுற்றினேன்.

"போங்க மாமி."

போய்விட்டார். இன்றைக்கு இருபத்திரண்டாம் நாள். ஜெனோவாவுக்குப் பையன், மூன்றே கால் கிலோ. லேகியத்தை அவளாவது தின்கிறாளா என்று கேட்டேன், முன்னால் நிற்க வைத்துத் தின்ன வைக்கிறேன் என்றார் மாமி.

இந்த இருபத்திரண்டு நாளில் இரண்டு தடவை வந்தது. ஒன்று துணி காயப்போடும்போது, ஒன்று பஸ்ஸில். பன்னிரண்டு நிமிஷம், ஒன்பது நிமிஷம். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. பஸ்ஸில் கண்டக்டர் பக்கத்தில்தான் நின்றார், ஆனாலும் சொல்லவில்லை. மாத்திரை இன்னும் சாப்பிடுகிறேன், டாக்டர் நிறுத்தச் சொல்லும்போது நிறுத்தலாம். வியாழக்கிழமை சொந்தக்காரரையும் பார்க்கிறேன். ஆனால் பயம் சுத்தமாகப் போய்விட்டது அக்கா, இப்போது நான் பூரண குணம். இந்தப் பையில் குடை, பிஸ்கட், குளுக்கோஸ், பக்கத்து வீட்டு நம்பர், ஆட்டோக்காரர் நம்பர், ஆம்புலன்ஸ் நம்பர் எழுதின அட்டை எல்லாம் இருப்பது பயத்தில் இல்லை. ஒரு ஒழுங்குக்காக.

உங்கள் மூச்சு கொஞ்சம் இறங்கியிருக்கிறதே. கடிகாரத்தைப் பார்த்தீர்களா? நாம் பேச ஆரம்பித்துப் பதினெட்டு நிமிஷம். டாக்டர் வந்தால் மூன்றாம் மாடியைப் பற்றி நீங்களே கேளுங்கள், அவராகச் சொல்லட்டும் என்று காத்திருக்காதீர்கள். லிஃப்டை விட்டு இறங்கினால் இடது பக்கம். துப்பட்டா தேவையில்லை, அங்கே எல்லோரும் சொந்தக்காரரைப் பார்க்க வந்தவர்கள்தான்.

நாற்பத்தொன்று கூப்பிட்டுவிட்டார்கள். இரண்டு ஊசியாம், தொடைக்கு ஒன்று. நான்தான் மடியில் வைத்து அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும்.

பார்த்துவிட்டீர்களா, ஆமாம், கை நடுங்குகிறது. கொஞ்ச நேரமாகவே நடுங்குகிறது. நீங்கள் கையை நீட்ட வேண்டாம் அக்கா. கொடுக்க மாட்டேன், தப்பாக நினைக்காதீர்கள். அந்தப் பையை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், பிள்ளையை நான் கொண்டுபோகிறேன்.